ஞாயிறு காலை மைதானம் யாருக்கு? வாடகையை எப்படி வைப்பது?

காட்பாடிக்காரி:

வணக்கம். காட்பாடிப் பக்கம் எங்கள் தெருக்காரர்களின் சங்கத்துக்கு ஒன்றரை ஏக்கர் விளையாட்டு மைதானம் இருக்கிறது. மண் தரை, நடுவில் கிரிக்கெட் பிட்ச், ஓரத்தில் வாலிபால் கம்பம், 12 விளக்குகள். இரண்டு வருஷமாக நான்தான் பொருளாளர். அதனால் மைதான நோட்டும் சாவியும் என்னிடம்தான். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மைதானம் நடத்திப் பழகியவர்கள் யோசனை சொல்லுங்கள்.

முன்பெல்லாம் யார் வந்து கேட்டாலும் அரை நாளுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு விடுவோம். நோட்டில் பெயர் எழுதினால் போதும். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மட்டும் வாரம் ஏழெட்டு அணிகள் கேட்கின்றன. ராணிப்பேட்டை, வாலாஜா, திருவலம் என்று எங்கிருந்தெல்லாமோ போன் வருகிறது. நல்ல மைதானங்கள் பிளாட் ஆகிக்கொண்டே வந்தால் இருக்கிற மைதானத்துக்குத்தானே வருவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, காலை ஐந்தே முக்கால் இருக்கும். கேட்டைத் திறக்கப் போனால் இரண்டு அணிகள் நிற்கின்றன. இரண்டு பேரிடமும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார், இன்னொருவர் எங்கள் செயலாளருக்கு. என் நோட்டில் ஒரு பெயர், அவர் போனில் ஒரு பெயர். பேசப் பேச குரல் ஏறிவிட்டது. அந்த நேரத்தில்தான் சுவர் ஓரமாகப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் ஒன்பது பேர், கபடி ஆடுகிறவர்கள், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அவர்களாகவே திரும்பிப் போய்விட்டார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. "காசு கொடுத்தவங்க வந்துட்டாங்கம்மா, நாங்க எப்படி நிக்கிறது?" என்று வீட்டில் வந்து கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் தரை ஊறிக் கிடந்தபோது, வெளியூர் அணி ஒன்று "பணம் கட்டியாச்சு, ஆடாம போக மாட்டோம்" என்று இறங்கிவிட்டது. மறுநாளே வெயில் அடித்தது. குதிகால் பதிந்த குழிகளெல்லாம் சுட்ட செங்கல் மாதிரி இறுகிவிட்டன. ரோலர் ஓட்டியும் மட்டமாகவில்லை. ஒரு பெண் அதில் கால் பிசகி மூன்று வாரம் பள்ளிக்கு நொண்டிக்கொண்டு போனாள். 300 ரூபாய்க்காக நாங்கள் விட்ட மைதானம் அது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். காவலாளி சம்பளம் மாதம் 7,000. கரண்ட் பில் சுமாராக 2,300. கோடையில் போர் வற்றிவிடும், தரை நனைக்க மாதம் நான்கு லோடு தண்ணீர், அது ஒரு 4,000. சுண்ணாம்புப் பொடி, வலை, சில்லறைச் செலவு எல்லாம் 1,200. ஆக கோடை மாதம் ஒன்றுக்கு 14,500. வாடகை வரவு சராசரியாக 8,700தான். மீதியைச் சந்தாவிலிருந்து போட்டு வந்தோம். இனி முடியாது என்று உறுப்பினர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஒரு தரப்பு, "1,500 ரூபாய் வை, கூட்டம் தானாகக் குறையும்" என்கிறது. இன்னொரு தரப்பு, "வெளியாருக்கே கொடுக்காதே" என்கிறது. ஒரு பயிற்சி அகாடமி தினமும் மாலை நான்கு முதல் ஏழு வரை மொத்தமாக மாதம் 20,000 தருவதாகக் கேட்டிருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் கவலையே இல்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் பிள்ளைகள் ஆடுகிற நேரம். என்ன செய்வது?

குடியாத்தம் கீப்பர்:

அக்கா, நான் இங்கே ஒரு கிராமத்து மைதானத்தை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் மழை விஷயம். மழை பெய்தால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வேறு தேதி கொடுங்கள். பணம் திரும்ப வராது என்றால் எவனாக இருந்தாலும் சேற்றில் இறங்கத்தான் செய்வான். வரும் என்று தெரிந்தால் அவனே "அண்ணே, வேண்டாம்" என்பான். தரை ஆடத் தகுதியா என்று பார்ப்பது காவலாளி வேலை. குதிகாலை ஊன்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பள்ளம் விழுந்தால் ஆட்டம் கிடையாது. எங்கள் ஊரில் இதை வைத்த பிறகு ஒரு தகராறுகூட வந்ததில்லை.

அப்புறம், வாடகை வேறு, அட்வான்ஸ் வேறு. அட்வான்ஸ் 500 வாங்கி வையுங்கள். குப்பை கிடந்தாலோ, நேரம் தாண்டினாலோ, சொல்லாமல் வராமல் இருந்தாலோ அதில் பிடியுங்கள். வியாழன் ராத்திரிக்குள் வரவில்லை என்று சொன்னால் பிடிக்க வேண்டாம், அடுத்த அணிக்குக் கொடுத்துவிடலாம். பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்களால்தான் பாதி நெருக்கடியே.

மத்தியான நேரத்துக்கு விலை குறைத்து ஆள் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நம்ம ஊர் வெயிலில் அது நடக்காது. பங்குனி முதல் ஆனி வரை இலவசமாகக் கொடுத்தாலும் பதினோரு மணிக்கு எவனும் இறங்க மாட்டான். கத்திரி வெயிலில் இறங்கவும் கூடாது. கோடையில் உங்கள் கையில் இருப்பது காலை நான்கு மணி நேரமும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும்தான். அதைப் பங்கு போடுவது ஒன்றுதான் வேலை.

எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பெங்களூர், சென்னை என்று பிழைக்கப் போன பையன்கள் எல்லாம் அந்த வாரம் வீட்டுக்கு வந்து சேருவார்கள். அந்த வாரம் எந்த விலைக்கும் வாடகை கிடையாது என்று ஒரு மாதம் முன்னாலேயே எழுதி ஒட்டிவிடுவோம்.

ஏரிக்கரை வாத்தியார்:

அம்மா, நான் ஆற்காடு பக்கம். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விவசாயக் குடும்பம், அதனால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிற வருஷம் யாரும் முறை வைக்க மாட்டார்கள். குறைந்தால்தான் முறை வரும். முறை வந்துவிட்டால் மடையை நீர்க்கட்டி, அதாவது தண்ணீர் திறந்துவிடுகிற ஊர் ஆள், மட்டும்தான் திறப்பார், பெரிய நிலக்காரராக இருந்தாலும் கை வைக்கக் கூடாது. உங்கள் மைதானத்தில் மடையை இரண்டு பேர் திறந்தீர்கள், அதனால்தான் அன்றைக்கு இரண்டு அணி வந்து நின்றது. ஒரு நோட்டு, ஒரு கை, ஒரு கணக்கு எண். செயலாளரிடம் யாராவது கேட்டால் உங்களிடம் அனுப்பட்டும்.

இந்த முறையில் கடைமடைக்காரருக்கும் பங்கு உண்டு. மேல்மடைக்காரர் எல்லாம் பாய்ச்சிவிட்டு மிச்சத்தைக் கீழே விட்டால் கடைமடைப் பயிர் காய்ந்துவிடும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கபடிப் பெண்கள் கடைமடை. அவர்கள் நேரத்தை முதலில் நோட்டில் எழுதுங்கள். மிச்சத்தை வாடகைக்கு விடுங்கள். தலைகீழாகச் செய்தால் அவர்களுக்கு மிச்சமே இருக்காது.

ஞாயிறு காலைக்கு 1,500 வைப்பது ஏலச்சீட்டு மாதிரி. யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்கே போகும், ஒவ்வொரு வாரமும் அதே கம்பெனி அணிதான் வரும். பெண்கள் வீட்டில் நடத்துகிறார்களே குலுக்கல் சீட்டு, அதை வையுங்கள். நியாயமான ஒரு விலை, கேட்கிற அணிகளின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சொம்பில் போட்டு, மாதம் ஒரு தடவை ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை எடுத்த அணி எல்லாருக்கும் விழுந்து முடிகிற வரை திரும்பப் போட முடியாது. விழாதவனுக்கும் அடுத்த மாதம் நிச்சயம் இருக்கிறது என்ற நம்பிக்கை இருக்கும்.

சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வாங்கினார். என் மாணவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் காலையில் எழுப்புவேன். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது, மனசில் ஆசை இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் வந்து பயிற்சி செய்ய ஓர் இடம் வேண்டும். அகாடமிக்கு மாலையை விற்றுவிடாதீர்கள் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஞாயிறு கேப்டன்:

அக்கா, நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உங்கள் மைதானத்துக்கு வந்ததில்லை, ஆனால் வெளியூர் அணி என்று நீங்கள் சொல்வது எங்களைப் போன்றவர்களைத்தான். வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் டென்னிஸ் பந்தைத் தொடுகிறோம். 15 பேர் ஆளுக்கு 50 போட்டால் 750. அதற்கு மேல் போனால் நான்கைந்து பேர் கழன்றுகொள்வார்கள், நல்லா ஆடுகிற பையன்தான் முதலில் கழன்றுகொள்வான், அவனிடம்தான் காசு இருக்காது.

வாத்தியார் சொன்ன குலுக்கல் எங்களுக்குச் சம்மதம். விலை கூடுவதைவிட வலிப்பது, பணம் கட்டிவிட்டு வந்து நின்று "உங்களுக்கு இல்லை" என்று கேட்பதுதான். அரை நாள் என்று கொடுக்காமல் இரண்டு மணி நேரமாகப் பிரியுங்கள். பத்து ஓவர் மேட்ச் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அரை நாள் எடுக்கிற அணி பாதி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கும்.

வேலூர் கணக்கர்:

எண்களோடு எழுதியதற்கு நன்றி. முதலில் ஒரு கேள்வி. நிலம் யார் பேரில் இருக்கிறது? மனைப்பிரிவு போட்டபோது பொதுவிடமாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த நிலம் என்றால் சங்கம் தன் இஷ்டத்துக்கு வாடகை வசூலிக்க முடியாது, மாநகராட்சியிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். சங்கத்தின் பேரில் பத்திரம் இருந்தால் பிரச்சினை இல்லை. எப்படியானாலும் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, ஒவ்வொரு வசூலுக்கும் ரசீது கொடுங்கள்.

கேப்டன் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கில் பார்க்கிறேன். பெரிய கிராக்கி நேரம் வாரத்துக்கு நான்கு: ஞாயிறு காலை இரண்டு, ஞாயிறு மாலை ஒன்று, சனி மாலை ஒன்று. மாதம் 16. பாதி உள்ளூர் அணிக்கு 450, பாதி வெளியூர் அணிக்கு 750 என்று வைத்தால் 3,600, 6,000, ஆக 9,600. வாரநாள் இரவு ஏழு முதல் ஒன்பது வரை விளக்கோடு 500. மாதம் 20 இரவில் பத்து நிரம்பினாலே 5,000. மொத்தம் 14,600. உங்கள் கோடைச் செலவைத் தொட்டுவிட்டது. பிள்ளைகளின் வாரநாள் மாலை நேரத்தில் ஒரு நிமிஷம்கூட இதில் விற்கவில்லை. மழைக்காலத்தில் வரவு குறையும், தண்ணீர் லாரிச் செலவும் இருக்காது.

விளக்குக்குத் தனியாக 300, 400 என்று கேட்காதீர்கள். 200 வாட் எல்இடி 12 என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட்தான். அணிக்காரர்களும் கணக்குப் போடுவார்கள்.

கபடிக்கு இன்னொரு வழி. பெண்கள் கபடி ஆடுகளம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டாலும் ஆறேகால் சென்ட் நிலம்தான். உங்களிடம் 150 சென்ட் இருக்கிறது. ஒரு மூலையில் உயரமான வலை கட்டிப் பிரித்துவிட்டால், நடுவில் கிரிக்கெட் நடக்கிறபோதும் அவர்கள் ஆடலாம்.

காட்பாடிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் கமிட்டிக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தேன். பத்திரம் சங்கத்தின் பேரில்தான் இருக்கிறது, நகலை எடுத்து நோட்டோடு வைத்துவிட்டேன்.

அகாடமிக்கு முடியாது என்று சொல்லிவிட்டோம். சுலபமாக இல்லை. 20,000 என்ற எண்ணை இரண்டு பேர் கடைசி வரை விடவில்லை. பெண் பிள்ளைகள் ஷூவோடு திரும்பிப் போனதைச் சொன்னபோதுதான் ஒருவர் கையை இறக்கினார், அவர் பேத்தியும் அந்த ஒன்பது பேரில் இருந்தாள் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

450, 750, 500, அட்வான்ஸ் 500, மழைக்கு முழுப் பணம் திரும்ப. சாவியும் நோட்டும் ஒரே கையில். வாரநாள் மாலை நான்கரை முதல் ஆறரை வரையும் சனிக்கிழமை காலையும் பிள்ளைகளுக்கு. இதைப் பேனாவால் எழுதியிருக்கிறோம், மற்ற நேரங்களைப் பென்சிலால்.

கீப்பர் தம்பி, குதிகால் சோதனையைக் காவலாளி அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போதே தினமும் ஊன்றிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்.

வேலூர் கணக்கர் சார், வடகிழக்கு மூலையில் அளந்துவிட்டோம். அங்கே ஒரு வேப்பமரம் இருக்கிறது, அதை வெட்டாமல் களத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் சரியாக வருகிறது. வலைக்கும் கம்பத்துக்கும் நன்கொடை கேட்கப் போகிறேன். கம்பம் எத்தனை அடி இருந்தால் டென்னிஸ் பந்து தாண்டாது என்று யாராவது கட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஞாயிறு கேப்டன் தம்பி, முதல் குலுக்கல் வருகிற ஒன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, மைதானத்திலேயே. இதுவரை 11 அணி பெயர் கொடுத்திருக்கிறது. உங்கள் அணிப் பெயரையும் அனுப்புங்கள், சீட்டு எழுதிப் போடுகிறேன்.