மானூர்ப் பக்கத்துப் பழுப்புப் பற்கள்: வெளுப்பதா, உறை போடுவதா?

மானூரான் (கேள்வி):

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் மானூர் ஒன்றியத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, பள்ளிப் படிப்பு முடியும்வரை வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவன் நான். வயது 27. இப்போது பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மேல்வரிசை முன்பற்கள் ஆறிலும் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. நடுவிலுள்ள இரண்டு பற்களில் குறுக்காக ஒரு பழுப்புப் பட்டையும் ஓடுகிறது. வலியில்லை, கூச்சமில்லை, சொத்தையும் இல்லை. எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இப்படித்தான் என்பதால், ஊரில் இருந்தவரை இது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. வேலைக்கு வந்த பிறகுதான், வெற்றிலை போடும் பழக்கம் உண்டா என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். நான் வெறும் பாக்குக்கூட மென்றதில்லை.

வரும் தை மாதத்தில் எனக்குத் திருமணம். மூன்று பல் மருத்துவமனைகளுக்குப் போய் வந்துவிட்டேன். முதல் இடத்தில் ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் சுத்தம், செய்தார்கள். ஈறோரத்து மஞ்சள் போயிற்றே தவிர, பட்டை அப்படியே இருக்கிறது. இரண்டாம் இடத்தில் லேசர் மூலம் ஒரு மணி நேரத்தில் பால் வெள்ளை ஆக்கிவிடலாம் என்கிறார்கள். மூன்றாம் இடத்தில் ஆறு பற்களையும் செதுக்கி உறை போடுவதுதான் நிரந்தரம் என்கிறார்கள். அம்மாவோ உமிக்கரியும் உப்பும் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பாளைப் பல் மருத்துவர்:

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள், அதாவது பல பற்களில் ஒன்றுபோல வெள்ளைத் திட்டு, நடுப்பற்களில் பழுப்பு, அதே ஊரில் அதே வயதினர் பலருக்கும் அதே தோற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், ஃபுளூரோசிஸ், அதாவது சிறுவயதில் குடிநீர் வழியாக ஃபுளூரைடு என்ற தாது உப்பு மிகுதியாகச் சேர்ந்ததால் பல்லில் வரும் குறை என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். மூன்று இடங்களிலும் மூன்று விதமாகச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. கறை எதனால் வந்தது என்று அவர்களில் யாராவது உங்களிடம் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

பல்லின் மேல் படிந்த கறை வேறு, பல்லுக்குள்ளேயே இருக்கும் கறை வேறு. தேநீர், காப்பி, வெற்றிலை, புகையிலை, நாள்கணக்கில் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடின் மருந்து ஆகியவை தருவது முதல் வகை. காரையோடு சேர்த்து ஸ்கேலிங்கிலும் பாலிஷிலும் அது போய்விடும். உங்களுக்குப் போன மஞ்சள் அதுதான். நிரந்தர முன்பற்களின் கெட்டியான மேற்படலமான எனாமல் ஈறுக்குள்ளே உருவாவது கைக்குழந்தைப் பருவம் தொடங்கி நான்கைந்து வயதுவரை. அந்தக் காலத்தில் உடலுக்குள் மிகுதியாகப் போன ஃபுளூரைடு எனாமலைக் கெட்டிப்பட விடாமல், மேற்பரப்பின் அடியில் நுண்துளைகள் உள்ளதாக ஆக்கிவிடும். அந்தப் பற்கள் முளைக்கும்போது வெள்ளைத் திட்டோடுதான் முளைக்கும். பிறகு உணவிலுள்ள நிறம் அந்தத் துளைகளில் ஊறிப் பழுப்பாகும். ஸ்கேலிங் கருவி அங்கே எட்டாது. உமிக்கரி, செங்கல் பொடி, உப்பு எல்லாம் எனாமலைத் தேய்க்குமே ஒழிய நிறத்தைத் தொடாது. எனாமல் தேயத் தேய உள்ளே இருக்கும் டென்டினின் மஞ்சள்தான் வெளியே தெரியும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றார்களே தவிர வெண்மை என்று சொல்லவில்லை என்பதை உங்கள் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

லேசர் என்று சொல்லப்படுவதில் வேலை செய்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான். மருத்துவமனையில் 25 முதல் 40 சதவீதம்வரை செறிவுள்ள ஜெல்லை, ஈறுக்குத் தடுப்புப் பூசிவிட்டு, பல்லில் தடவுவார்கள். வாயைத் திறந்தே வைத்திருப்பதால் பல் உலர்ந்து, எழுந்து கண்ணாடி பார்க்கும்போது கூடுதல் வெள்ளையாகத் தெரியும். ஈரம் திரும்பிய சில நாட்களில் அதில் ஒரு பகுதி குறைந்துவிடும். இது மோசடியல்ல; ஆனால் முதல் நாள் நிறத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

உங்கள் நிலையில் நான் எளியதிலிருந்து தொடங்குவேன். பற்களின் அச்செடுத்து, பல்லோடு ஒட்டி நிற்கும் மெல்லிய டிரே செய்து, அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு இரவில் அணியச் சொல்வது ஒரு முறை. அது ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். 1989ஆம் ஆண்டிலிருந்து மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டுவரும் இந்த முறை, மெதுவானது என்றாலும் சாதாரணமாக இரண்டு வாரங்களில் பலன் தெரியும். ஃபுளூரோசிஸ் பழுப்புக்குக் கூடுதல் வாரங்கள் ஆகலாம். தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் வெள்ளைத் திட்டுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரியும். பலர் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சுற்றியுள்ள பல்லும் வெளுக்க வெளுக்கத் திட்டு அடங்கும்.

பழுப்புப் பட்டை அதற்கும் மசியாவிட்டால் மைக்ரோ அப்ரேஷன் செய்யலாம். அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் மேற்பரப்பைத் தேய்த்தெடுப்பது அது. மீதமுள்ள வெள்ளைத் திட்டுகளின் துளைகளுக்குள், கெட்டிப்படும் பிசினான தெளிந்த ரெசினை ஊறவைக்கும் முறையும் இப்போது உண்டு. இவற்றுக்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால், பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர் பற்றிப் பேசலாம். முழு உறை என்பது உடைந்த பல்லுக்கும், வேர் சிகிச்சை செய்து பலவீனமான பல்லுக்கும் உரியது. அதற்காகச் செதுக்கும்போது வெளியே தெரியும் பல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். சொத்தையில்லாத 27 வயதுப் பற்கள் ஆறில் அதைச் செய்வதற்கு நான் உடன்படமாட்டேன்.

ஆலங்குளத்து அக்கா:

தம்பி, மருத்துவர் எழுதியதன் கடைசி வரியை என் வாயைக் கொண்டே உறுதிப்படுத்துகிறேன். எனக்கும் இதே பட்டை இருந்தது. என் 22ஆம் வயதில், நிச்சயதார்த்தத்துக்கு முன்பு, நான்கு முன்பற்களுக்கு உள்ளே உலோகமும் வெளியே பீங்கானுமான உறை போட்டுக்கொண்டேன். வெளுக்கும் முறை ஒன்று இருக்கிறது என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புகைப்படங்களில் அழகாகத்தான் இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு பல்லின் நரம்பு செத்து வீங்க, உறையைத் துளைத்து வேர் சிகிச்சை செய்தார்கள். பிறகு ஈறு சற்று மேலே ஏறியதும், உறையின் ஓரத்து உலோகம் சாம்பல் நிறக் கோடாகத் தெரிய ஆரம்பித்தது. இப்போது எனக்கு 41 வயது. இரண்டாம் முறையாக உறை மாற்றியிருக்கிறேன். இன்னும் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். நிரந்தரம் என்று உங்களிடம் சொன்னவர், உறை நிரந்தரம் என்று சொன்னாரா, அல்லது ஒருமுறை செதுக்கிய பல்லுக்கு உறை நிரந்தரமாகத் தேவைப்படும் என்று சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.

என் கணவர் என் பழைய பற்களைப் பெண் பார்க்க வந்த அன்றே பார்த்தவர்தான். அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் கண்ணாடியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

குடிநீர்ப் பணியில் இருந்தவன்:

பல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். மானூர் வட்டாரத்தின் சில ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பது ஆய்வுகளில் பதிவானது. நம் நாட்டுத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடினப் பாறைகளிலுள்ள தாதுக்களிலிருந்து அது தண்ணீரில் கரைகிறது. நம் மக்கள் உப்புக் கரிக்கும் தண்ணீரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். உண்மையில் ஃபுளூரைடுக்கு நாக்கில் தெரியும் சுவை கிடையாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த, பாத்திரத்தில் உப்புப் படியாத, பருப்பு நன்றாக வேகும் "நல்ல தண்ணீரில்" அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு ஏறத்தான் செய்யும்.

இது நம்மூருக்கு மட்டும் வந்த வினையுமல்ல. அமெரிக்காவின் கொலராடோ பகுதியில் பழுப்புப் பற்களுக்குக் காரணம் தேடி முப்பது ஆண்டுகள் அலைந்து, 1931இல்தான் தண்ணீரிலுள்ள ஃபுளூரைடைக் கண்டுபிடித்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் எலும்பையும் பாதிக்கும் அளவுக்கு இது இருந்ததை 1937இல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

தம்பி, உங்கள் பல்லில் நடந்தது முடிந்துபோன கதை. எட்டு வயதுக்குமேல் குடிக்கும் தண்ணீரால் முன்பல்லில் புதிதாகத் திட்டு வராது. ஆனால் வீட்டில் அண்ணன் பிள்ளைகள் யாராவது அதே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்களா? அப்படியென்றால் ஒரு புட்டித் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். அதுவரை சமையலுக்கும் குடிக்கவும் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணறு துவைக்கவும் மாட்டுக்கும் ஆகட்டும்.

வண்ணார்பேட்டை வாசகன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், டாக்டர். எனக்கு ஒரே ஒரு முன்பல் மட்டும் கருஞ்சாம்பல் நிறம். பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அடிபட்டது. இதற்கும் டிரே பயன்படுமா?

பாளைப் பல் மருத்துவர்:

உங்களுடையது வேறு. அடிபட்ட பல்லின் நரம்பு செத்து, அதன் இரத்தம் சிதைந்து உள்ளிருந்து நிறம் மாறியிருக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்து வேர் நுனியில் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேவையானால் வேர் சிகிச்சை செய்து, வேரை மேலே நன்றாக அடைத்த பின், பல்லின் உட்குழியிலேயே வெளுக்கும் மருந்தை வைத்து மூடி, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவோம். பல சமயம் நிறம் திரும்பும். வலியில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். செத்த பல் பல சமயம் வலிக்காது.

மானூரான்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்கச் சொன்ன கேள்வியை மூன்றாம் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டேன். நேரில் வாருங்கள், பேசலாம் என்றார்கள். போகப்போவதில்லை. அண்ணன் மகளுக்கு மூன்று வயது. அவள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர்தான் என்பது இன்று காலைதான் என் மனத்தில் உறைத்தது. புட்டியைக் கழுவி வைத்துவிட்டேன். டாக்டர், இப்போது ஐப்பசி. தைக்குள் டிரே முறை முடியுமா? கீழ்வரிசையில் ஒரு பல்லில் பல் நிறத்தில் அடைத்த பழைய அடைப்பு ஒன்றும் இருக்கிறது.

பாளைப் பல் மருத்துவர்:

முடியும். கடைசி இரண்டு வாரங்களை மட்டும் ஒன்றும் செய்யாமல் விட்டுவையுங்கள். நிறம் ஒரு நிலைக்கு வரவும், ரெசின் வேலை ஏதும் தேவைப்பட்டால் அது எனாமலில் நன்றாகப் பிடிக்கவும் அந்த இடைவெளி வேண்டும். உங்கள் அடைப்பு வெளுக்காது. சுற்றியுள்ள பல் வெளுத்து அது மட்டும் மஞ்சளாக நின்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கூச்சம் வந்தால் ஓரிரவு விட்டு ஓரிரவு அணியுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைச் சில நாட்கள் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. இணையத்தில் விற்கும் பொது அளவு டிரேக்களை வாங்க வேண்டாம். மருந்து கசிந்து ஈறைச் சுடும்.

கட்டணத்தை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். தனியாரிடம் செலவு கட்டுப்படியாகாவிட்டால், ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் முதல் பரிசோதனைக்குப் போகலாம். எந்தச் சிகிச்சை அங்கே கிடைக்கும் என்பதை அங்கேயே கேட்டறியுங்கள்.

தொடங்கும் நாளில், நிற அட்டையிலுள்ள எந்த எண்ணோடு உங்கள் பல் ஒத்துப்போகிறது என்பதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த அட்டைத் துண்டைப் பல்லருகே பிடித்து, விளக்கொளியில் அல்லாமல் சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒன்றுமே மாறவில்லையே என்று எனக்கு எழுதுவீர்கள்; அப்போது அந்தப் படம் வேண்டியிருக்கும்.