பி0016: ‘தண்டுப் பிசகு’ என்று சொல்லலாமா?

மதிப்புக்குரிய குழுமத்தாருக்கு,

மட்டக்களப்பில் மோட்டார் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்காகத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். வாகனக் கணினியில் பதிந்து ஸ்கேனர் காட்டும் வழுக்குறிகளில் பி0016 (P0016) வந்ததும், அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பதென்று தெரியாமல் எழுத்து நின்றுவிட்டது. எஞ்சினின் வணரித் தண்டும் (crankshaft) வால்வுகளைத் திறக்கும் நெம்புருள் தண்டும் (camshaft) ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அவற்றின் உணரிகள் (sensors) காட்டும்போது வரும் குறி அது. இங்கே இதுவரை வந்த முன்மொழிவுகள் ‘நெம்புருள் தண்டு உணரி வழு’, ‘ஒத்திசைவின்மை’ என்ற இரண்டும். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது, வீண்செலவு வைக்கும் பெயர். ‘உணரி வழு’ என்று தாளில் இருந்தால் மாணவன் உணரியைத்தான் கழற்றுவான். அந்தப் பெயர் பொருந்துவது பி0340-க்கு. அங்கே உணரியின் மின்சுற்றிலிருந்து சமிக்ஞை வரவில்லை, அல்லது ஒழுங்காக வரவில்லை. அப்போதும் கடைக்கு ஓடத் தேவையில்லை; மாரிமழையில் வெள்ளத்துக்குள் ஓடிய வாகனமென்றால் முதலில் இணைப்பியின் ஊசிகள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பி0016 அப்படியானதன்று. இரண்டு உணரிகளும் பேசுகின்றன. பேச்சுத்தான் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வணரித் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது நெம்புருள் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு தண்டு இருக்கும் கோணத்தை வைத்துப் பார்த்தால் மற்றது தனக்குரிய கோணத்தில் இல்லை என்பதே இந்தக் குறியின் முறைப்பாடு. இரு தண்டுகளையும் இணைக்கும் சங்கிலி நீண்டிருக்கலாம், பல் தாவியிருக்கலாம், சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், வால்வு நேரத்தை மாற்றும் பொறிமுறை தொடக்க நிலைக்குத் திரும்பாமல் சிக்கியிருக்கலாம். அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து ஒரு வான் வந்தது. உணரி புத்தம் புதியது, வழுக்குறியோ பழையதே. ஒயில் கோலை இழுத்துப் பார்த்தால் கரி கலந்த குழம்பு. டென்ஷனரும் நேரம் மாற்றும் பொறிமுறையும் அந்த ஒயிலின் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. உரிமையாளர் உணரிக்குக் கொடுத்த காசில் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றியிருக்கலாம். அவரைக் குறைசொல்ல முடியாது; ஸ்கேனர் திரையில் தண்டின் பெயர் இருந்தது, கடையில் அந்தப் பெயரோடு விற்பனைக்கு இருந்தது உணரிதான்.

‘ஒத்திசைவு’ நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டுப் பௌதிகத்தில் அது வேறு பொருளிலும் வருகிறது. நாம் ‘பரிவு’ (resonance) என்று படித்ததை அங்கே ‘ஒத்திசைவு’ என்று எழுதுவோர் உண்டு. எஞ்சின் அதிர்வைப் பற்றி எழுதும் பக்கத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும். ஒலுவிலிலிருந்து எழுதிய விரிவுரையாளர் ‘அவத்தை (phase) வழு’ என்றார். உயர்தரம் படித்தவருக்கு அது துல்லியம். சாதாரண தரத்தோடு கராஜுக்கு வந்த பையனுக்கு ‘அவஸ்தை’ என்றே கேட்கும். அவன் நிலைமைக்கு அதுவும் பொருத்தம்தான்!

எனது முன்மொழிவு ‘தண்டுப் பிசகு’. வடமோடிக் கூத்தில் அண்ணாவியாரின் மத்தளமும் சரி, ஆடுபவரின் காலும் சரி, ஆனால் இரண்டும் சேரவில்லை என்றால் ‘தாளம் பிசகிவிட்டது’ என்போம். யார் பிழை என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. பி0016-உம் அவ்வளவுதான் சொல்கிறது.

— கல்லடியிலிருந்து

*

ஐயா,

காரணம் சரி, சொல்லின் தரம்தான் யோசிக்க வைக்கிறது. ‘பிசகு’ பேச்சு வழக்குச் சொல். பரீட்சைத் தாளில் ஏறுமா? மேலும் பி0011, பி0012 ஆகியவையும் நேரக் கோளாறுகளே. அவற்றையும் ‘பிசகு’ என்றால் மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

— கல்முனையிலிருந்து

*

தம்பி,

‘சொல் பிசகாமல்’ என்று ஏட்டிலும் எழுதுகிறோம். பரீட்சைத் தாள் அதைவிடப் பெரிய மேடையன்று.

இரண்டாவது கேள்விதான் கேட்க வேண்டிய கேள்வி. பி0011-இல் உள்ளெடுப்பு நெம்புருள் தண்டு கட்டளையிட்டதைவிட முன்னே நிற்கிறது. பி0012-இல் பின்னே நிற்கிறது. ஆகவே ‘மிகை முந்தல்’, ‘மிகை பிந்தல்’. பஸ் முந்தியதும் பிந்தியதும் நம் வாயில் எப்போதும் உள்ளவையே, புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இந்த இரண்டிலும் ஒயிலின் அளவும் தடிப்பும், அடுத்து ஒயில் கட்டுப்பாட்டு வால்வும் அதன் வலைவடியும் என்று தேட வேண்டும். பி0016-இல் அவற்றோடு சங்கிலிக் குறிகளையும் ஒத்துப்பார்க்க வேண்டும். அந்த வழுக்குறி இருக்கும்போதே எஞ்சினை ஓட்டிக்கொண்டிருப்பதும் ஆபத்து. சங்கிலி இன்னும் தாவினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும்.

பாகங்களின் இடத்தையும் குறிப்பில் படமாகப் போடுகிறேன். நம் வீதிகளில் அதிகம் காணும் டொயோட்டா 1என்இசட் எஞ்சினில் நெம்புருள் உணரி தலைப்பகுதியின் கியர்பெட்டிப் பக்க முனையில் இருக்கிறது. வணரி உணரி எதிர்ப்பக்கம், கீழே கப்பிக்கு அருகில். ஒயில் கட்டுப்பாட்டு வால்வு சங்கிலிப் பக்கத்தில். அதற்கும் மின்இணைப்பி இருப்பதால் அதையே உணரி என்று எண்ணிக் கழற்றுகிறார்கள். வணரியின் பற்சில்லில் 36 பற்களுக்கான இடத்தில் 34 பற்களே உண்டு. 2 பல் இடைவெளியை வைத்துக் கோணம் தெரியும். ஆனால் முதலாம் உருளை மேலே வந்தது அமுக்க அடிப்பிலா வெளியேற்ற அடிப்பிலா என்று வணரியால் மட்டும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது நெம்புருள் உணரி.

இன்னொன்று. இந்த வழுக்குறிகளின் ஆங்கில விளக்கத்தில் வரும் ‘பாங்க் 1’ (Bank 1) என்பதை ஒரு மாணவன் ‘வங்கி 1’ என்று எழுதித் தந்தான். ‘வரிசை 1’ என்று வைத்துவிடுவோம்: முதலாம் உருளை இருக்கும் வரிசை. நேர்வரிசை நான்கு உருளை எஞ்சினில் வேறு வரிசை கிடையாது. மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன்பின் அச்சுக்கு அனுப்பிவிடுவேன். ‘டென்ஷனர்’, ‘பிஸ்டன்’ இரண்டையும் நான் தொடப்போவதில்லை.

— கல்லடியிலிருந்து