கார்பெட்டில் சூடு பட்டால் பாயைப் போட்டு மூடாதீர்கள்

போன வாரம் தக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து போனை என் கையில் கொடுத்தார். இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகாத அவர் மகள், வீடியோவில் அழுதுகொண்டிருந்தாள். தரையில் போர்வையை விரித்து யூனிபார்ம் தேய்த்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டியின் மூக்கு போர்வையைத் தாண்டி கார்பெட்டைத் தொட்டுவிட்டது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பு வடு. வாடகை வீடு வேறு. "மாமா, மேல ஒரு பாயப் போட்டு மூடிரட்டா?"

நான் பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அவளுக்குச் சொன்னதையே, இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். சிவப்புத் தரையிலும் டைல்ஸிலும் வளர்ந்த நமக்கு, தரை எதையும் தாங்கும் என்ற நினைப்பு. அங்கே தரையே துணி.

முதலில் கார்பெட் என்ன நூல் என்று பாருங்கள். சுவரோர மூலையில் ஒன்றிரண்டு இழையை வெட்டி, இடுக்கியால் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள் (புகை அலாரத்துக்கு நேர் கீழே நின்று செய்ய வேண்டாம்). முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிச் சுருண்டு, ஆறியதும் குன்றிமணி மாதிரி கெட்டியானால் செயற்கை நூல். பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரியிலேயே உருகிவிடும். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூடு 200-ஐ எட்டும். அப்புறம் ஒரு நொடி போதாதா?

நுனி மட்டும் கருகியிருந்தால் வேலை சுலபம். நகம் வெட்டும் சிறு கத்தரியால் கருகிய நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். அப்புறம் நைஸான உப்புத்தாளால் மெதுவாக வட்டமாகத் தேய்த்து, வாக்குவம் போடுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். கரி பரவி, நாணயம் தோசையாகிவிடும். நான் செய்த முதல் தப்பே அதுதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டபோது சிரட்டைக் கனல் ஒன்று கார்பெட்டில் தெறித்து விழுந்தது, பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

வடு ஆழமாக இருந்தால், கருகிய இழைகளை அடிவரை வெட்டி எடுத்துவிட்டு அந்தக் குழியை நிரப்ப வேண்டும். அலமாரிக்குள்ளே, சோபாவுக்கு அடியில் என்று யாரும் பார்க்காத இடத்திலிருந்து நல்ல இழைகளைச் சிறிது வெட்டிக்கொள்ளுங்கள். குழியில் கார்பெட் பசை ஒரு துளி விட்டு, இழைகளை இடுக்கியால் நட்டு நட்டு நிறுத்தி, ராத்திரி முழுக்க ஏதாவது கனமானதை மேலே வைத்துவிடுங்கள். மறுநாள் உயரம் சமமாகும்படி வெட்டிவிடலாம். நாகர்கோவில் பக்கம் அம்மாவோ பாட்டியோ லேஸ் பின்னுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை தெரியும். அவசரக்காரன் கையில் இது குருவிக்கூடாகிவிடும்.

அதைவிடப் பெரிய வடு என்றால் அந்த இடத்தையே வெட்டி எடுத்து ஒட்டுப் போட வேண்டும். இதில் எல்லோரும் கோட்டை விடுவது இழையின் சாய்வில். கையால் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் படியும், மறுபக்கம் சிலிர்க்கும். ஒட்டுத்துண்டின் சாய்வும் அதே திசையில் இருக்க வேண்டும். மாறினால் நிறம் ஒன்றாக இருந்தும் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். இழைகள் வளையம் வளையமாக இருக்கும் கார்பெட்டில் கத்தரியே வைக்காதீர்கள். ஒரு வளையம் அறுந்து அதை இழுத்தால், ஸ்வெட்டர் பிரிகிற மாதிரி வரிசையே வந்துவிடும். அதற்குத் தொழில்காரரைக் கூப்பிடுங்கள்.

சரி, பாய் விஷயம். சொந்த வீடென்றால் தாராளமாகப் போடுங்கள். வாடகை வீட்டில் அது ஏமாற்று வேலை, அதோடு பலிக்கவும் பலிக்காது. நான் வீட்டைக் காலி செய்த அன்று சோதிக்க வந்தவர் முதலில் தூக்கிப் பார்த்ததே என் பாயைத்தான்.

பயப்படவும் வேண்டாம். இங்கிலாந்தில் 2019-இல் வந்த சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சாதாரண வாடகை வீட்டில் அந்தப் பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். சூட்டு வடு சாதாரணத் தேய்மானக் கணக்கில் வராது, பிடித்தம் உண்டு. ஆனால் பழைய கார்பெட்டுக்குப் புதுக் கார்பெட் விலையைக் கேட்க முடியாது. பத்து வருஷம் உழைக்கக்கூடிய கார்பெட்டுக்கு ஏழு வயதாகிவிட்டால், மிச்சம் மூன்று வருஷத்துக்குத்தான் மதிப்பு. பிடித்தம் அநியாயமாகப் பட்டால் அந்தத் திட்டத்திலேயே இலவசமாக முறையிடலாம். அதற்குத்தான் குடியேறிய அன்றே ஒவ்வொரு அறையின் தரையையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்று ராத்திரியே வீட்டுக்காரருக்கு உண்மையை எழுதிவிட்டாள். கார்பெட் போட்டபோது மிஞ்சிய துண்டு மச்சில் சுருட்டிக் கிடக்கிறது, எடுத்துக்கொள் என்று பதில் வந்ததாம். நீங்களும் கத்தரியைக் கையில் எடுக்குமுன் அதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.