மாதர் சங்கக் காசில் கன்னியாவுக்குச் சுற்றுலா: சரியா, பிழையா?

குளக்கட்டு | மாலை 7.12

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுப் பக்கம். பெயர் வேண்டாம், ஊர்ச் சண்டையைச் சந்திக்கு இழுத்த மாதிரி இருக்கும். போன மாதம் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு பஸ் பிடித்து, 46 பேரோடு திருகோணமலைக்குப் போய் வந்தது. கோணேசர் கோவில், கன்னியா வெந்நீர்க் கிணறு, பிறகு நிலாவெளிக் கடல். மொத்தச் செலவு 78,000 ரூபாய். ஆளுக்கு 500 வாங்கினார்கள், அது 23,000. மிச்சம் 55,000 சங்கக் கணக்கிலிருந்து போயிருக்கிறது.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? மதகு கட்டிய ஒப்பந்த வேலையில் மிஞ்சியது, கதிரையும் கிடாரமும் வாடகைக்கு விட்டது, வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போட்ட தேத்தண்ணிக் கடை. எல்லாம் வியர்வைக் காசு. சங்கம் கொடுக்கும் சுழற்சிக் கடன் ஒருவருக்கு 25,000. ஒன்பது பேர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்காவது கொடுத்திருக்கலாம். கோழிக்கூடு போடக் காசில்லாமல் இருக்கிற ஊரில் வெந்நீரில் குளிக்கப் போவது தேவைதானா? உங்கள் ஊர்களில் எப்படி?

மாட்டுவண்டி | 7.20

ஆம்பிளைகளின் கிராம அபிவிருத்திச் சங்கம் கிரிக்கெட் போட்டி வைத்துக் காசை முடித்தபோது ஒருவரும் இந்தக் கருத்துக்களத்தில் திரி திறக்கவில்லை. சும்மா ஞாபகம் வந்தது.

குளக்கட்டு | 7.26

அதுவும் பிழைதான் அண்ணை. அதற்காக இது சரியாகிவிடாது.

எள்ளுருண்டை | 8.05

தம்பி, அந்தச் சங்கத்தின் பொருளாளர் நான்தான். ஊர்ப் பெயர் போடாவிட்டாலும் 78,000 என்றதும் தெரிந்துவிட்டது.

கணக்கு நீங்கள் சொன்னதுதான், ஒரு ரூபாய் கூடக் குறைய இல்லை. பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, கூட்டறிக்கையில் எழுதி, கை உயர்த்தியவர்களை எண்ணி, பிறகுதான் வங்கியில் காசு எடுத்தோம். மதகு வேலையில் கல்லரிந்ததும் நாங்கள்தான், சீமெந்து குழைத்ததும் நாங்கள்தான். மேசனுக்கு மட்டும்தான் கூலி கொடுத்தோம்.

இன்னொன்று. அந்தத் தீர்மானத்தை யார் முன்மொழிந்தது என்று உங்கள் வீட்டுக் குசினியில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

மாட்டுவண்டி | 8.07

தம்பி இன்றைக்கு வெளியில்தான் சாப்பாடு.

ஓய்வூதியம் | 8.40

கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் பல வருசம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

வன்னியில் இந்தச் சங்கங்கள் இரண்டு தரம் பிறந்தவை. 2008, 2009 யுத்த இடப்பெயர்வில் பதிவுப் புத்தகம், வங்கிப் புத்தகம், முன்பள்ளித் தளபாடம் எல்லாம் போய்விட்டன. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து சனம் திரும்பி வந்த பிறகு பிரதேச செயலகங்களில் திரும்பப் பதிந்தோம். ஒரு மர நிழல், நாலு வாங்கு, ஒரு சீ.ஆர். கொப்பி, அவ்வளவுதான் சங்கம். அதே நேரத்தில் தொண்டு நிறுவனங்களும் வந்து ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பெண்கள் குழு அமைத்தன. ஒரே பெண் திங்கட்கிழமை ஒரு குழுவில், புதன்கிழமை இன்னொரு குழுவில் இருப்பா. திட்டம் முடிய அந்தக் குழுக்களும் முடிந்தன. மாதர் சங்கம் மட்டும் மிஞ்சியது. ஏனென்றால் அதை ஒருவரும் வெளியிலிருந்து கொண்டு வந்து வைக்கவில்லை.

ஆனால் என் கட்சி குளக்கட்டுத் தம்பியின் பக்கம்தான். சங்கத்தின் கைமுதல் என்பது விதைநெல் மாதிரி. சுற்றுலா போகலாம், போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று மாதம் 100 ரூபாய் தனியாகச் சேர்த்துப் போங்கள். ஒப்பந்த இலாபத்தில் கை வைக்காதீர்கள். கல் நீங்களே அரிந்ததாகச் சொல்கிறீர்கள், சந்தோசம். பல இடங்களில் பெயர்தான் மாதர் சங்கம். வேலை ஒரு ஒப்பந்தக்காரருடையது, கையெழுத்துக்கு ஒரு சிறு தொகை. அப்படி வந்த காசு ஆடிக் கரைந்ததை நிறையப் பார்த்தவன் என்பதால்தான் பயப்படுகிறேன்.

ஒன்ராறியோவாசி | 9.15

நான் ஒட்டுசுட்டானில் பிறந்து இப்போது கனடாவில் ஹமில்டன் பக்கம் இருக்கிறேன். இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஸ்ரோனி கிறீக் என்று ஒரு இடம். 1897இல் உலகத்தின் முதல் கிராமிய மாதர் கழகம் அங்கேதான் தொடங்கியது. முன்னின்ற அடிலெயிட் ஹூட்லெஸ் என்ற பெண்ணின் கைக்குழந்தை கெட்ட பால் குடித்து இறந்தது என்றும், அதன் பிறகுதான் வீட்டுச் சுகாதாரத்தைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவர் அலைந்தார் என்றும் சொல்வார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வழிதான் எங்கள் நாட்டுக்கும் வந்தது. கனடாவிலிருந்து வந்து ஒரு யாழ்ப்பாணத் தமிழரைக் கலியாணம் செய்த டொக்டர் மேரி இரத்தினம்தான் 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமித்தி என்ற கிராமிய மாதர் சங்க அமைப்பைத் தொடக்கியவர். 1958இல் அவருக்கு ஆசியாவின் பெரிய விருதான மக்சேசே விருதும் கிடைத்தது. அந்தச் சங்கங்களில் நெசவு, சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் படிப்பித்தார்கள். கூடி இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைக்கிறதும் அதோடு சேர்ந்ததுதான். கதையை எடுத்துவிட்டால் மிச்சம் வகுப்பறைதான், ஒருத்தியும் இரண்டாம் கிழமை வரமாட்டாள்.

குளக்கட்டு | 9.33

அண்ணை, வரலாறு நல்லாயிருக்கு. கனடாப் பெண்ணின் படலைக்கு நுண்கடன் கம்பனியின் வாரக் கடன் பெடியன் மோட்டார்சைக்கிளில் வந்து நின்றானா?

2018இல் வறட்சி வந்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்ததே, ஏன்? வன்னிப் பெண்கள் கடனில் கழுத்து வரைக்கும் தாழ்ந்திருந்தார்கள். வட்டிக்கு வருசம் 35 வீதம் என்று மேல் வரம்பு போட்டார்கள். 35 வீதம் என்பதே சலுகை என்றால் அதற்கு முதல் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். எங்கள் சங்கம் மாதம் ஒரு வீதத்துக்குக் கொடுக்கிறது. அந்த 55,000 ரூபாய் இரண்டு பெண்களை வாரக் கடன்காரனிடம் போக விடாமல் மறித்திருக்கும். இதற்குப் பதில் சொல்லுங்கள், ஸ்ரோனி கிறீக் வேண்டாம்.

அம்மாவிடம் கேட்டேன். முன்மொழிந்தது அவதான். அதனால் என் கேள்வி மாறவில்லை.

எள்ளுருண்டை | 10.50

தம்பி, வாரக் கடனைப் பற்றி எனக்குச் சொல்லித் தர வேண்டாம். நானும் கட்டினவள்.

அந்தக் கடன் எப்படிக் கொடுத்தார்கள் என்று தெரியும்தானே. ஐந்து பேர் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும், அதுவரைக்கும் ஒருவரும் எழும்பிப் போக ஏலாது. எங்கள் சங்கம் கூடின அதே மாமரத்தடியில்தான் அவர்களும் கூட்டம் வைத்தார்கள். 2019இல் ஒரு பிள்ளை ஊரை விட்டே போய்விட்டாள். அவளுடைய ஒன்பது கிழமைக் காசை அடுத்த வளவுக்காரி, தோட்டை அடகு வைத்துக் கட்டினா. பிள்ளை ஆறு மாதத்தில் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. ஒருத்தி வந்தால் மற்றவ சங்கக் கூட்டத்துக்கு வரமாட்டா. இப்படி ஒரு சோடி இல்லை, நாலைந்து சோடி. 60 பேர் சந்தா கட்டிய சங்கத்தில் கூட்டத்துக்கு 14 பேர் வந்தார்கள். பதினாலு பேரை வைத்துக்கொண்டு யாருக்குக் கடன் கொடுக்கிறது, யாரை நம்பி?

உங்கள் அம்மா அன்றைக்கு எழும்பிச் சொன்னது இதுதான்: "கடனுக்குக் கூப்பிட்டால் பயத்தில வராதுகள், கடலுக்குக் கூப்பிட்டுப் பாப்பம்."

46 பேர் வந்தார்கள். பஸ் விடிய நாலு மணிக்கு. இருக்கையை நான்தான் பிரித்தேன். அந்த இரண்டு பேரையும் வேண்டுமென்றே பக்கத்தில் போட்டேன், இது கூட்டறிக்கையில் இல்லை. புளியங்குளம் வரைக்கும் ஒருத்தி யன்னலைப் பார்த்தபடி, மற்றவ முன்சீற்றுக் கம்பியைப் பார்த்தபடி. வவுனியா தாண்டி ஹொரவப்பொத்தானைப் பாதையில் பிள்ளைக்குத் தலைச்சுற்றி வாந்தி வந்தது. வளவுக்காரி தன் புட்டுப் பெட்டியைக் கொட்டி மடியில் வைத்துக்கொண்டு, வெறும் பெட்டியை அவள் வாய்க்கு நேரே பிடித்தா. பிறகு சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த இஞ்சித் துண்டைக் கடித்துப் பாதியைக் கொடுத்தா. ஒரு சொல் கதைக்கவில்லை. கன்னியாவில் பார்த்தேன், ஏழு கிணறுக்கும் வரிசையில் போய் எது கூடச் சூடு என்று இரண்டு பேரும் கை வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்துக்கு 39 பேர். நின்று போயிருந்த நாலு கடனில் இரண்டு திரும்பக் கட்டுப்படத் தொடங்கியிருக்கிறது. அதையும் கணக்கில் போடுங்கள்.

மாட்டுவண்டி | 10.58

அந்தப் புட்டு என்ன ஆனது?

எள்ளுருண்டை | 11.01

கோணேசர் கோவில் மலைக் குரங்குகளுக்கு.

தையல்மெசின் | 11.30

எல்லாரும் நல்லாக் கதைக்கிறீர்கள். நான் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள். விடிய ஐந்தரைக்குப் பஸ் ஏறினால் இருட்டித்தான் இறங்குகிறேன், சனிக்கிழமையும் வேலை. எங்கள் ஊரிலும் மாதர் சங்கம் இருக்கிறது. கூட்டம் கிழமை நாளில் பின்னேரம் மூன்று மணி. சுற்றுலா சனிக்கிழமை. சந்தா மட்டும் என்னிடமும் வாங்குகிறார்கள். தலைவி, செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் என் அம்மாவின் வயது. இளம் பெட்டைகள் ஏன் வருவதில்லை என்று மேடையில் மட்டும் கவலைப்படுவார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். மகளிர் தின விழாவில் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடும்போது புருசன் இல்லாதவர்கள் தாங்களாகவே பின்வரிசைக்குப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாதிப் பேர் பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று படிவம் நிரப்புகிற ஊர். விளக்குக்கு மட்டும் சுமங்கலி தேடுகிறோம். 55,000க்கு அடிபடுகிற நேரத்தில் அதற்கும் ஒரு தீர்மானம் எடுத்திருக்கலாம்.

ஓய்வூதியம் | 11.52

பிள்ளை சொல்வது நியாயம். கூட்ட நேரத்தை உத்தியோகத்தரின் வசதிக்கு வைத்துப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் வைப்பித்தேன்.

பாலைப்பழம் | மறுநாள் காலை 6.10

அந்த 46 பேரில் என் அம்மாவும் ஒருவர்.

2009 பெப்ரவரியில் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைக் கப்பல் காயக்காரரைத் திருகோணமலைக்கு ஏற்றியது. என் தம்பிக்குக் காலில் எறிகணைத் துண்டு. மீன்பிடி வள்ளத்தில் ஏற்றி, நடுக்கடலில் கப்பலுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அம்மா கூடப் போனா. திருகோணமலை என்றால் அவவுக்கு அந்த ஆஸ்பத்திரியின் சீமெந்து நிலம்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே மாட்டன் என்று இருந்தவ. அங்கே நடந்த ஒரு கலியாணத்துக்கும் போகவில்லை.

இந்தத் தரம் போனா. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் போகினம், நான் மட்டும் வீட்டில இருந்து என்ன செய்ய" என்றா. நிலாவெளியில் முழங்கால் அளவு தண்ணீரில் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. அதைத் தம்பிக்கு அனுப்பச் சொன்னா.

குளக்கட்டு அண்ணா, உங்கள் கணக்கில் பிழை இல்லை. நானும் படித்தவள், வட்டி விளங்கும். அம்மாவுக்கு 25,000 கடன் கிடைத்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பா. ஆனால் அதைத் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்க மாட்டா.

குளக்கட்டு | காலை 9.40

வாசித்தேன். உங்கள் அம்மாவைப் பற்றிக் கதைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

இருந்தாலும் ஒன்பது பேரின் பட்டியல் அப்படியே இருக்கிறது. அக்கா சொன்ன 39 பேரும் அடுத்த வருசமும் வருவார்களா, அல்லது இன்னொரு பஸ் பிடித்தால்தான் வருவார்களா? ஐயா சொன்னபடி மாதம் 100 ரூபாய்க்கு ஒரு தனிப் புத்தகம் போட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். தையல்மெசின் கேட்டதற்கும் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

எள்ளுருண்டை | 12.15

தனிப் புத்தகம் சரி. அதைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன், நிறைவேறுமா என்பது சனத்தின் கையில். ஒன்பது பேரில் மூன்று பேருக்கு அடுத்த மாதம் கொடுக்கலாம், கதிரை வாடகை வர இருக்கிறது. கூட்டம் இனி ஞாயிறு பின்னேரம். எங்களிடமும் தொழிற்சாலைப் பிள்ளைகள் 12 பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தியைச் செயலாளராகக் கேட்டிருக்கிறோம், யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். விளக்கு விசயம் கஷ்டம். இளையவர்கள் இல்லை, எங்கள் வயதுக்காரர்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் புருசன் இல்லாதவள்தான். அடுத்த மார்ச்சில் முதல் திரியை நானே ஏற்றிப் பார்க்கிறேன்.

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், கன்னியாவில் துவாய் மாறிவிட்டது. நீலக்கரை போட்டது என்னுடையது. அவவுடையது என் கொடியில் காய்கிறது.