பலூன் போட்ட ரத்தக்குழாய் மறுபடி சுருங்குதா: அளவெடுக்கிறதுல நடக்கிற தப்புகள்

வாஸ்குலர் லேப், பாளையங்கோட்டை

கால்ல அடைச்ச ரத்தக்குழாயைப் பலூன் வச்சு விரிச்சவங்களுக்கு டிஸ்சார்ஜுக்கு முந்தியே ஏ.பி.ஐ. (கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால வகுத்த விகிதம்) எடுத்து நோட்டுல எழுதிக் கொடுத்திரணும். அன்னைக்கு 0.92, ஆறு மாசம் கழிச்சு 0.74ன்னா 0.18 இறங்கியிருக்கு. 0.15 இறங்கினாலே டாப்ளர் (ரத்தம் ஓடுற வேகத்தை அளக்கிற ஸ்கேன்) பாக்கணும். முதல் அளவு இல்லேன்னா அதே 0.74ஐப் பாத்து "வலி இல்லல்லா, போய்ட்டு வாங்க"ன்னு அனுப்பிருவாங்க.

சங்கரன்கோவில், வள்ளியூர்லேருந்து பஸ்ல வந்து, வண்ணார்பேட்டையில இறங்கி நடந்து வர்றவங்களை உடனே அளக்காதீங்க. அடைப்பு இருக்கிற கால்ல நடந்த உடனே கணுக்கால் பிரஷர் இறங்கிரும். பத்து நிமிஷம் மல்லாக்கப் படுக்க வைங்க. பீடி குடிச்சு ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கணும். கஃப்பைக் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேல சுத்தி, ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாக் கேக்க வைக்கிற 8 மெகாஹெர்ட்ஸ் பென்சில் புரோபைச் சரிச்சுப் பிடிங்க. கஃப்ல காத்தடிச்சு, சத்தம் நின்னதுக்கு மேல 20 மி.மீ. பிரஷர் ஏத்திட்டு மெதுவா இறக்கணும். சத்தம் திரும்பி வர்ற இடம்தான் பிரஷர். காத்தை வேகமா விட்டா குறைச்சலாத்தான் காட்டும்.

பாதத்து மேல்பக்கம் ஒண்ணு, உள்கணுக்காலுக்குப் பின்னால ஒண்ணுன்னு ரெண்டு குழாயிலயும் எடுக்கணும். கணக்குக்கு அதுல கூடுனதை, ரெண்டு கையில கூடுன பிரஷரால வகுக்கோம். ஆனா முழங்காலுக்குக் கீழ ஒரு குழாய்க்கு மட்டும் பலூன் போட்டிருந்தா ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. நல்லா இருக்கிற குழாயோட அளவு, சுருங்கினதை மறைச்சிரும்.

டயாலிசிஸ் யூனிட், தென்காசி

அண்ணாச்சி, சுகர்காரங்களுக்கும் கிட்னி நோயாளிகளுக்கும் ஏ.பி.ஐ.யை அப்படியே நம்ப முடியாது. குழாய்ச் சுவத்துல சுண்ணாம்பு படிஞ்சு கஃப்புக்கு அமுங்காது. 1.4க்கு மேல வந்தா ரத்தம் நல்லாப் போகுதுன்னு அர்த்தமில்லை, அளக்க முடியலைன்னுதான் அர்த்தம். நார்மலா வந்தாக்கூட சந்தேகப்படணும். பெருவிரல் பிரஷர் எடுங்க. கை பிரஷரால வகுத்து 0.7க்குக் கீழ இருந்தா குறைச்சல். விரல் ஜில்லுன்னு இருந்தா முதல்ல போர்த்திச் சூடு பண்ணணும்.

டாப்ளர் ஸ்கேன், திருநெல்வேலி ஜங்ஷன்

சுருக்கத்துல வர்ற உச்ச வேகத்தை, அதுக்குச் சற்று மேல நல்லா இருக்கிற இடத்து வேகத்தால வகுக்கணும். மேல செகண்டுக்கு 80, சுருக்கத்துல 240 செ.மீ.ன்னா விகிதம் 3. ரெண்டைத் தாண்டினாலே பாதி விட்டம் போயிருக்கும்னு எடுத்துக்கிடலாம். பலூனுக்குப் பிறகு 2.4ஐ எல்லையா வைக்கிறவங்களும் உண்டு.

ஸ்கேன் அலைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நடுவுல இருக்கிற கோணம்தான் ஆளைக் கவுக்கும். நிஜத்துல 60 டிகிரி இருக்கிறதை 65ன்னு வச்சா வேகம் 18 சதவீதம் கூடிக் காட்டும். 45ல அதே 5 டிகிரி தப்புக்கு 10 சதவீதம்தான். அதனால 60ஐத் தாண்டாதீங்க, ஒவ்வொரு விசிட்டிலும் ஒரே கோணத்துல எடுங்க. தொடையோட கீழ்ப்பாதியில குழாய் ஆழத்துல போகும். நேரான முகமுள்ள லீனியர் புரோப்ல தெரியலைன்னா வயித்துக்கு வைக்கிற வளைஞ்ச புரோபை எடுத்துக்கிடுங்க. நிறைய ரிப்போர்ட்ல விட்டுப்போற இடம் அதுதான்.

கேத் லேப், பாளையங்கோட்டை

இதயக் குழாயையும் சொல்லிருதேன். ஸ்டென்ட் வைக்காம வெறும் பலூன்னா பெரும்பாலும் மூணுலேருந்து ஆறு மாசத்துக்குள்ள சுருங்கும். ஆஞ்சியோல அளக்கும்போது உள்ள விடுற மெல்லிசுக் குழாயான கதீட்டர் 6 பிரெஞ்ச் (தடிமனுக்கான அளவு)ன்னா 2 மி.மீ.ன்னு வச்சு ஸ்கேல் போடுதோம். உள்ள இருக்கிறது 5 பிரெஞ்சா இருந்து கம்ப்யூட்டர்ல 6ன்னு அடிச்சிட்டா எல்லா அளவும் 20 சதவீதம் பெருசாயிரும். சதவீத அடைப்பு மாறாது, அதனால யாருக்கும் சந்தேகம் வராது. பலூன் போட்ட அன்னைக்கு 2.5 இருந்தது 1.2 ஆயிருக்கு, 1.3 மி.மீ. போச்சுன்னு சொல்லுதோமே, அந்தக் கணக்குதான் பாழாகும்.

பலூன் போட்ட அன்னைக்கும் திரும்பப் பாக்கும்போதும், குழாயை விரிக்கிற நைட்ரோகிளிசரினை உள்ள 100–200 மைக்ரோகிராம் கொடுத்துட்டு, அதே ஆங்கிள்ல எடுக்கணும். கொடுக்காம எடுத்தா குழாய் இறுக்கிப் பிடிச்சதும் சுருக்கம் மாதிரியே தெரியும். அடைப்பு 50 சதவீதத்தை ஒட்டி இழுபறியா இருந்தா பிரஷர் ஒயர் (முனைப்பக்கம் பிரஷர் அளக்கிற கம்பி) போட்டுப் பாருங்க. எஃப்.எஃப்.ஆர். (சுருக்கத்துக்குப் பின்னால உள்ள பிரஷரை முன்னால உள்ள பிரஷரால வகுத்தது) 0.80 அல்லது அதுக்குக் கீழன்னா ரத்தம் குறையுது. ஒயரை வெளிய எடுக்கையில கதீட்டர் முனையில நிறுத்தி, ஒயர் காட்டுற பிரஷரும் கதீட்டர் காட்டுற பிரஷரும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. அந்த விகிதம் 1லேருந்து 0.03க்கு மேல விலகியிருந்தா சமப்படுத்திட்டு மறுபடி எடுக்கணும்.