பின்னால் "எம்" முத்திரை உள்ள பீங்கான் தட்டு: எந்தக் காலம்? கையால் வரைந்ததுதானா?

தக்கலைவாசி:
பழைய வீட்டுச் சாமான்களோடு வந்த தட்டு. குறுக்களவு 22 செ.மீ. ஏரி, கரையில் ஒரு வீடு, பக்கத்தில் மரம், ஆரஞ்சு வானம். விளிம்புத் தங்கக்கோடு பாதி தேய்ந்திருக்கு. பின்னால் பச்சை முத்திரை: இலைவளையத்துக்குள் ஆங்கில எழுத்து எம், மேலே நோரிடாகே, கீழே ஹேண்ட்பெயிண்டட், மேட் இன் ஜப்பான். அடிவளையத்தில் ரெண்டு துளை. "திருவிதாங்கூர் காலத்துச் சரக்கு, நூறு வருஷத்துக்கு மேல" என்கிறார் விற்றவர். நம்பலாமா?

பழம்பீங்கான்:
திருவிதாங்கூர் காலம் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ல்தான். முத்திரையைப் பாருங்க.

எம் என்பது மொரிமுரா, நோரிடாகே கம்பெனியைத் தொடங்கிய குடும்பத்தின் பெயர். அமெரிக்காவுக்குப் போகும் பொருளில் நாட்டின் பெயர் வேணும் என்ற சட்டம் 1891-ல் நடைமுறைக்கு வந்தது. அதனால் முதலில் 'நிப்பான்' என்று போட்டார்கள். அது ஜப்பானியச் சொல், ஆங்கிலத்தில் போடு என்று அமெரிக்கச் சுங்கத்துறை சொன்ன பிறகு, 1921 முதல் 'ஜப்பான்' வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் தரம் பழையபடி இல்லை என்று அந்தக் கம்பெனியே சில வருஷம் 'ரோஸ் சைனா' என்ற பெயரில் விற்றது. 1953 முதல் வளையத்துக்குள் எம் போய் 'என்' (N) என்ற எழுத்து வந்தது. ஆக, உங்க தட்டு பெரும்பாலும் 1920, 30-கள். நூறு வருஷம் தொட்டிருக்கலாம், 'மேல' என்பது வியாபாரப் பேச்சு.

போலியும் உண்டு. நிப்பான் முத்திரையைக் காப்பியடித்தவர்கள் எம் இருக்க வேண்டிய இடத்தில் மணற்கடிகாரம் போல ஒன்றைப் போட்டார்கள். உங்க எழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்க.

தூரிகை:
முத்திரையில் ஹேண்ட்பெயிண்டட் என்று இருந்தால் முழுப்படமும் கைவேலை என்று அர்த்தமில்லை. அச்சுக்கோட்டுக்குள் வண்ணம் மட்டும் கையால் நிரப்பினாலும் அப்படித்தான் போடுவார்கள்.

10 மடங்கு லூப் (சின்னக் கைலென்ஸ்) போதும். பத்திரிகைப் படம் மாதிரி ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அச்சு ஒட்டியது. கைவேலையில் தூரிகை எடுத்த இடத்தில் வண்ணம் தேங்கித் தடித்திருக்கும், இலைகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. கோடு சீராக இருந்து வண்ணம் மட்டும் அதைத் தாண்டி வழிந்திருந்தால் ரெண்டும் கலந்தது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விரல் நுனியால் தடவுங்க. லேசாக மேடு தட்டினால் மெருகுக்கு (பீங்கான் மேலுள்ள கண்ணாடிப் பூச்சுக்கு) மேல் போட்ட வண்ணம். அப்படி இருந்தால் அதில் சாப்பிட வேண்டாம். பழைய வண்ணங்களில் ஈயம் உண்டு, புளியும் எலுமிச்சையும் அதை இழுத்துவிடும்.

துளைக்குள்ளும் மெருகு ஓடியிருக்கா? அப்படின்னா சுடும் முன்பே போட்ட துளை. சுவரில் மாட்டவே செய்த தட்டு.

தக்கலைவாசி:
எம் தெளிவா இருக்கு. துளைக்குள் மெருகு இருக்கு. வானத்தில் புள்ளி இல்லை, ஆனா மரத்தின் ஓரக்கோடு ரொம்பச் சீரா இருக்கு. தங்கத்தைத் திரும்பப் பூசலாமா? எப்படி மாட்டுவது?

தூரிகை:
அப்போ கோடு அச்சு, வானம் கை. அந்தக் காலத்தில் சாதாரணம்தான், மதிப்பு ஒன்றும் குறையாது.

தங்கத்தைத் தொடாதீங்க. கடைத் தங்கப் பெயிண்ட் சூளையில் சுடாதது. பித்தளை நிறத்தில் தனியாகத் தெரியும், வாங்குபவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். விளிம்பில் முன்பே யாராவது ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்று ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் இருட்டில் காட்டுங்க. ஒட்டு வேறு நிறமாக ஒளிரும்.

பழம்பீங்கான்:
கம்பிச் சுருள் மாட்டி வேண்டாம். சுருள் இழுவை விளிம்பைப் பெயர்க்கும். குளச்சல் பக்கக் கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கறையும் விடும். துளை இருக்கே, பின்னல் நைலான் கயிறை ரெட்டையாகக் கோர்த்துக் கட்டுங்க. தங்கூசி (தூண்டில் நரம்பு) வேண்டாம், முடிச்சு வழுக்கும்.

கழுவ, வெதுவெதுப்பான தண்ணீரும் ரெண்டு சொட்டு சோப்பும் போதும். மெருகில் மயிரிழை விரிசல் இருந்தால் ஊறவைக்கக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. விரிசல் வழியாக இறங்கிய உப்பு காயும்போது மெருகைத் தூக்கிவிடும்.