அப்பாவின் சீபேப் மூச்சுக் கருவி: நள்ளிரவில் காற்று ஏறுகிறது, மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது, செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். தூக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. (தூக்கத்தில் மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 42. மூன்று மாதமாக சீபேப், அதாவது மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதும் மெஷின். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ வகை, அழுத்தம் 4 முதல் 20 வரை, வாங்கியபோது இருந்தபடியே.

படுத்ததும் 4-இல் மூச்சு முட்டுகிறது என்கிறார். இரவு மூன்று மணிக்கு அழுத்தம் 15, 16 வரை ஏறி, மூக்குத்தண்டு ஓரமாகக் காற்று உஸ்ஸென்று கண்ணில் அடிக்கிறது. வயிறு உப்பி ஏப்பம். நேற்றும் மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், மூக்கில் சிவந்த தழும்பு. பார்க்கவே மனசு தாங்கவில்லை. மெஷினில் ஏ.எச்.ஐ. இன்னும் 9; அது 5-க்குக் கீழே வர வேண்டும்.

மூக்கு மாஸ்க்கை மாற்றி வாயும் மூடும் மாஸ்க் வாங்கினோம். வார் தளர்த்தினோம், ஈரப்பதம் கூட்டினோம், ராம்ப் (தொடக்கத்தில் அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றும் வசதி) 20 நிமிடம் வைத்தோம், ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். வாய் வறட்சி மட்டும் குறைந்தது. விற்றவர் "பழகிடும்" என்கிறார். ஈப்போவில் டாக்டரைப் பார்க்க இன்னும் ஆறு வாரம். அவரைக் கேட்காமல் அழுத்தத்தில் கை வைக்க மாட்டோம். முன்கூட்டியே போன் செய்து பேசத்தான் கேட்கிறேன்.

டாக்டர் சொல்லி, கீழ் அளவை 4-லிருந்து 7, 8-க்கு ஏற்றி, மேல் அளவைக் குறைத்தவர்கள் யாருக்காவது இந்த மூச்சுமுட்டலும் காற்றுக் கசிவும் அடங்கியதா?